பின்தொடரும் சேவை

1

நான் நார்வேக்கு வந்து இருபத்திரண்டு வருடம் நிறைந்த அன்று, பாயசம் வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே தபால் பெட்டியைத் திறந்தேன். உள்ளே மாவட்ட நிர்வாகத்தின் முத்திரையோடு ஒரு கடிதம் கிடந்தது. எங்கள் மகள் துளசியின் பெயரைப் போட்டு, அவளுடைய பெற்றோருக்கு என்று எழுதியிருந்தது. அன்றைக்குப் பாயசம் வைக்கவில்லை.

துளசிக்கு அப்போது பதினேழரை வயது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடியது. விடுமுறை முடிந்து திறந்தபோது அவள் போகவில்லை. காய்ச்சல் இல்லை. யாரோடும் சண்டை இல்லை. காதல் கீதல் ஏதாவதா என்று சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன்; அதுவும் இல்லை. "எனக்கு அங்க இருக்க ஏலாது அம்மா" என்று மட்டும் சொன்னாள். பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பாட்டுத் தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போவதும் வெற்றுத் தட்டு வெளியே வருவதுமாக மூன்று வாரம் ஓடியிருந்தது. பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள் எடுக்கும் பிரிவில் அவளைச் சேர்த்தது நாங்கள்தான். டாக்டர் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, இரண்டு பேரும் மனதுக்குள் அவளுக்கு வெள்ளைக் கோட்டு தைத்தே விட்டோம்.

கடிதத்தை என் கணவர் யோகன் வாசித்தார். அவருடைய அப்பா அம்மா மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். கலவரத்துக்குப் பயந்து வவுனியாவுக்குப் போய்க் குடியேறியவர்கள். அவர் அங்கேயே பிறந்து வளர்ந்ததால் பேச்சும் வடக்குப் பேச்சாகிவிட்டது. நான் தலவாக்கலையிலிருந்து முக்கால் மணி நேரம் பஸ்ஸில் ஏற வேண்டிய ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில் பிறந்தவள். எங்கள் வீட்டில் ஒருவர் "ஓம்" என்பார், ஒருவர் "ஆமாங்க" என்பார். துளசி இரண்டுக்கும் நடுவில் "யா" என்பாள்.

"என்னங்க போட்டிருக்கு?"

"இதை அனுப்பினவை பின்தொடரும் சேவையாம்."

"யாரைப் பின்தொடருறாங்க?"

"எங்கட பிள்ளையை."

நார்வேஜிய மொழியில் இருந்த சொல்லை அவர் அப்படியே தமிழாக்கினார். பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் வவுனியாவில் இளவயதைக் கழித்த மனிதருக்கு, அரசாங்கம் ஒருவரைப் பின்தொடர்வது என்றால் அதில் நல்ல பொருள் ஒன்றும் இருக்க முடியாது. கடிதத்தை உறைக்குள் திருப்பி வைத்தார். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து எடுத்துக்கொண்டு போகும் பிரிவு ஒன்று இங்கே உண்டு என்று எங்கள் ஆட்கள் மத்தியில் பேச்சு. அதுதானா இது என்று நானும் நடுங்கினேன்.

இந்த மொழியோடு எனக்குப் பழைய பகை. வந்த முதல் வருடம் பக்கத்து வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்கள். உருளைக்கிழங்கை மூன்றாவது தடவையாகத் தட்டில் போட வந்தபோது, வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்வதற்கு இங்கிலீஷ் சொல்லையே நம்பி, "நான் ஃபுல்" என்றேன். அந்தச் சொல் இந்த மொழியில் குடிவெறியைக் குறிக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மா என் தண்ணீர்க் குவளையை எடுத்து மோந்து பார்த்தார். ஆகவே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பயப்படக் கூடாது என்று எனக்கு அனுபவம் இருந்தது. இருந்தும் பயந்தேன்.

2

கடிதத்தில் கூப்பிட்டிருந்த சந்திப்புக்கு யோகன் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். பொத்தான் பூட்டவில்லை, பூட்ட முடியாது. துளசி காதில் எதையோ மாட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். அவள் வருவதற்குச் சம்மதித்ததே பெரிய காரியம்.

எங்களைக் கூப்பிட்ட அம்மாவின் பெயர் மாரித். ஐம்பது வயதிருக்கும். கம்பளிச் சட்டையின் முழங்கையில் ஒரு ஓட்டை. எங்களுக்குக் காப்பியும் துளசிக்குச் சூடான சாக்லேட்டும் வைத்துவிட்டு, எங்களைப் பார்க்காமல் அவளைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.

"உன்னைத் திட்டக் கூப்பிடவில்லை. உன் வயதில் படிப்பையும் விட்டு, வேலையும் இல்லாமல் யார் நின்றாலும், நான் தேடிப் போய்ப் பேச வேண்டும். அதுதான் என் வேலை. நீ வேண்டாம் என்று சொன்னால் அடுத்த மாதம் மறுபடியும் கடிதம் போடுவேன்."

"அவ கெட்டிக்காரி. உயிரியலிலே..." என்று நான் ஆரம்பித்தேன்.

மாரித் சிரித்துக்கொண்டே என் கையைத் தொட்டு, "அவளே சொல்லட்டும்" என்றார்.

சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது. நம் ஊரில் இவ்வளவு நேரம் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள்; யாராவது தொண்டையையாவது கனைப்பார்கள்.  யோகன் சர்க்கரை போடாத காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். மாரித் மட்டும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

"போன வருஷத்தில் உனக்குப் பிடித்த நாள் ஒன்று இருந்ததா? ஒன்றே ஒன்று?"

துளசி காதிலிருந்ததைக் கழற்றினாள். "அம்மா வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு நாள் லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டேன்" என்றாள்.

அந்த நாள் எனக்கும் தெரியும். இலையுதிர் காலம். என் சாப்பாட்டுப் பெட்டியைக் கொடுக்க வந்தவள், சக்கர நாற்காலியிலிருந்த ஒரு பெரியவரோடு இரண்டு மாடிகளுக்கு நடுவே நாற்பது நிமிஷம் நின்றுவிட்டாள். வெளியே நான் அழுதுகொண்டிருந்தேன். அவளுக்கு அது பிடித்த நாள் என்பது மாரித்தின் முன்னால்தான் எனக்குத் தெரிய வந்தது.

"லிஃப்ட் திருத்துகிற ஒருவர் வந்தார். கத்தவில்லை, அவசரப்படவில்லை. மேலே எங்கேயோ என்னமோ செய்தார். பெட்டி மெதுவாக இறங்கிச் சரியாகத் தரைமட்டத்தில் நின்றது. அவர் என்ன செய்தார் என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நெட்டில் தேடித் தேடிப் பார்க்கிறேன். ராத்திரியில் விழித்திருப்பது அதற்காகத்தான்."

அறைக்குள் அடைந்து கிடந்த மூன்று வாரமும் என் பிள்ளை லிஃப்ட்டின் கம்பிகளையும் எடைக்கற்களையும் பற்றிப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் கதவுக்கு வெளியே நின்று குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டிருந்தேன்.

மாரித் உடனே போனை எடுத்தார். பத்து நிமிஷத்தில் இரண்டு வாரம் லிஃப்ட் மெக்கானிக் ஒருவரோடு கூடவே போய்ப் பார்க்க ஏற்பாடு. பிடித்திருந்தால், ஆகஸ்டில் மின்சாரப் பிரிவில் முதல் வருடத்திலிருந்து மறுபடியும் தொடங்கலாம். இரண்டு வருடம் பள்ளிக்கூடம். பிறகு ஒரு கம்பெனியில் சம்பளத்தோடு தொழில் பழகும் காலம். அவளைவிட இரண்டு வயது குறைந்த பிள்ளைகளோடு உட்கார வேண்டியிருக்கும் என்றும் மாரித் ஒளிக்காமல் சொன்னார்.

காருக்குள் ஏறிய பிறகு யோகன் சாவியைப் போட்டார்; வண்டியைக் கிளப்பவில்லை.

"லிஃப்ட் திருத்துறதோ?" என்று கேட்டார், யாரையும் பார்க்காமல்.

3

இங்கே ஒரு பிள்ளைக்கு இப்படி நடந்த அதே மாதங்களில், ஊரில் இன்னொரு பிள்ளைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும்.

என் அண்ணன் சுப்பையாவுக்குத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அண்ணி கொழுந்து எடுக்கிறார். அவர்கள் மகள் சுகன்யாவுக்கு இருபது வயது. தொழில்நுட்பப் பிரிவில், பள்ளிக் கடைசிப் பரீட்சையான ஏ.எல். எழுதிப் பாஸானாள்; பல்கலைக்கழகத்துக்கு மட்டும் புள்ளி போதவில்லை. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்பதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். யாரும் கூப்பிடவில்லை, யாரும் கேட்கவில்லை, ஒரு கடிதமும் வரவில்லை. யாத்திரிகர்கள் மலை ஏறும் சீசனில், அடிவாரத்து நல்லதண்ணியில் ஒரு கடையில் நின்று கம்பளித் தொப்பி விற்றாள்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. பதினொராம் வகுப்பில் ஓ.எல். பரீட்சை முடித்த பிறகு நானும் லயத்து வாசலில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அதை யாரும் பிரச்சினை என்று நினைக்கவில்லை. பொம்பளைப் பிள்ளை வீட்டில் இருக்கிறது, அவ்வளவுதான். கல்யாணம் பேசி வந்தது, விமானம் ஏறினேன். படிப்புக்கும் எனக்கும் இருந்த உறவு கையெழுத்துப் போடுவதோடு நின்றது. இங்கே வந்துதான் முப்பது வயதில் மறுபடியும் கொப்பி பென்சில் எடுத்தேன்.

ஜனவரி கடைசியில் சுகன்யா எனக்கு ஒரு படம் அனுப்பினாள். அட்டனில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கட்டியிருந்த ஒரு பேனர். வெளிநாட்டு உதவியோடு இளைஞர் யுவதிகளுக்கு இலவசத் தொழிற்பயிற்சி. கீழே பெரிய எழுத்தில், 'எந்த இளைஞரையும் பின்னால் விட்டுவிட மாட்டோம்' என்று இருந்தது.

நான் மேசை இழுப்பறையைத் திறந்து மாரித்தின் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் ஏறக்குறைய அதே வாக்கியம். உலக நாடுகள் ஒன்றாக உட்கார்ந்து, படிப்புக்கும் வேலைக்கும் வெளியே எந்தப் பிள்ளையும் நிற்கக் கூடாது என்று எழுதி ஒப்புக்கொண்டிருக்கின்றனவாம். அந்த ஒரு வாக்கியம் இங்கே தபால் பெட்டிக்கும் அங்கே பஸ் ஸ்டாண்டுக்கும் வந்து சேர்ந்திருந்தது.

"அத்தை, இதுல எலக்ட்ரிக் வயரிங் இருக்குங்க. நான் அப்ளிகேஷன் போடப் போறேன்" என்றாள் போனில்.

பின்னால் அண்ணனின் குரல் கேட்டது. "கரண்டு வேலையா? பொம்பளப் புள்ளைக்குத் தையல் இருக்கு, கேக் போடுறது இருக்கு. அதுல ஒண்ணப் போடச் சொல்லு தங்கச்சி."

நான் என்ன சொல்ல? என் வீட்டில் லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. "அண்ணே, அவளுக்கு எது புடிக்குதோ அதைப் போடட்டும்" என்றேன். அண்ணன் டீ குடிக்கப் போய்விட்டார் என்று சுகன்யா சொன்னாள்.

4

பிப்ரவரியில் துளசி ஆரஞ்சு நிற வேலைச்சட்டை போட்டுக்கொண்டு, காலை ஏழு மணிக்குப் பனிக்குள் இறங்கிப் போனாள். அவள் கூடப் போனவர் பெயர் ரோஜர். முதியோர் இல்லத்து லிஃப்ட்டைச் சரிசெய்த அதே ஆள் இல்லை. ஆனால் அதே ஜாதி மௌனம். நாளுக்கு ஆறு வார்த்தை பேசுவார் என்றாள் துளசி. "அதில ரெண்டு, 'எதையும் தொடாதே'."

முதல் நாள் சாயங்காலம் அவள் எங்களோடு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். தட்டு அறைக்குள் போகவில்லை. நானும் யோகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் மிகக் கவனமாகச் சாப்பிட்டோம். பார்த்தால் ஏதாவது சொல்லிவிடுவோம், சொன்னால் அவள் எழுந்துவிடுவாள் என்று பயம். அவள் தானாகவே பேசினாள். ஏழு மாடிக் கட்டிடத்தின் உச்சியில், பெட்டியை இழுக்கும் மோட்டார் இருக்கும் அறைக்குப் போனாளாம். கிரீஸ் வாசனை, ரொம்பச் சூடு, ஆனால் எல்லாம் ஒழுங்காக இருந்ததாம். இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

யோகன் அதற்குப் பிறகும் சில நாள் குழம்பிக்கொண்டிருந்தார். வெளியில் யார் கேட்டாலும் "வீட்டிலயிருந்து படிக்கிறா" என்று சொல்லி வைத்திருந்தார். பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. மார்ச்சில் தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழா வந்தது. மண்டபத்தில் வடைத் தட்டோடு நின்றபோது, பல வருடமாகப் பழக்கமான மாலினி அக்கா எங்களைப் பிடித்துக்கொண்டார். சாவகச்சேரிக்காரர், இங்கே கணக்காளர். அவருடைய மகன் மருத்துவம் படிக்கிறான்.

"யோகன், துளசியைக் காணேல்லை. இப்ப என்ன செய்யிறா?"

யோகன் வடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நானும் வடையைப் பார்த்தேன்.

"பள்ளிக்கூடத்தை விட்டிட்டா அக்கா. லிஃப்ட் மெக்கானிக் வேலை பழகப் போறா. ஆகஸ்டில தொடங்குறா."

சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றார். அன்றைக்கும் போட்டிருந்த கல்யாணக் கோட்டின் பொத்தான் பூட்டியிருந்தால் தெறித்திருக்கும்.

மாலினி அக்காவின் கண் அகலமானது. "மெய்யாவோ? எங்கட கட்டிடத்தில லிஃப்ட் மூண்டு நாளா நிக்குது. நாலாம் மாடி ஏறி ஏறி முழங்கால் போயிட்டுது. பிள்ளையை ஒருக்கா வரச் சொல்லுங்கோவன்."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் யோகன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இரவு துளசியின் கதவைத் தட்டி, "உனக்கு முதல் வேலை ஓடர் வந்திருக்கு" என்றார். நான் நடைபாதையில் நின்று கொஞ்சம் அழுதேன். அது என் வழக்கம்.

5

மாலினி அக்காவின் கட்டிடத்து லிஃப்ட்டை ரோஜர் சரிசெய்த வாரத்தில் சுகன்யா அழுதுகொண்டு போன் பண்ணினாள். சுகன்யா அழுது நான் கேட்டதில்லை.

அவளுக்கு நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்திருந்தது. ஆனால் தேர்வு முடிந்து பதினோரு நாள் கழித்து வந்து சேர்ந்தது. தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் லயத்து வீடுகளுக்குத் தெருப் பெயர் கிடையாது, தபால்காரர் வீடு வீடாக வருவதும் கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அண்ணிக்குக் காய்ச்சல் வந்து அவர் பெரட்டுக்குப் போகாத வாரத்தில் கடிதம் வந்திருக்கிறது. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. அது ஒரு கட்டுக்குள் இருந்திருக்கிறது.

"போச்சு அத்தை. பேர் போட்டு வந்த மொத லெட்டருங்க எனக்கு" என்றாள்.

பக்கத்தில் துளசி இருந்தாள். அவளும் சுகன்யாவும் அந்த ஒரு மாதமாக வீடியோவில் பேசிப் பழகியிருந்தார்கள். வயரைக் காட்டுவதும் பல்பைக் காட்டுவதும்தான் அதிகம். வீட்டில் எங்களோடு தவிர, துளசி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழைப் பேசுவாள். பாடப் புத்தகம் எழுந்து நடந்து வருவதுபோல் இருக்கும்.

போனை என்னிடமிருந்து வாங்கினாள். "அக்கா, நீங்கள் நேரில் செல்லுங்கள். அவர்களிடம் வினாவுங்கள். அவர்கள் இல்லை என்று கூறினால், எழுதித் தருமாறு கேளுங்கள். மாரித் எனக்கு இவ்வாறுதான் கற்றுத் தந்தார்."

சுகன்யா அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். மறுநாள் அண்ணனிடம் சொல்லாமல் பஸ் ஏறி அட்டனுக்குப் போனாள். நடந்ததை அன்று மாலை என்னிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

பயிற்சி நிலையத்து ஆபீசில் ஒரு சிங்கள மிஸ் இருந்தாராம். நல்ல மாதிரிதான். பேச்செல்லாம் சிங்களத்தில். சுகன்யாவுக்கு நல்லதண்ணிக் கடையில் நின்று பழகிய சிங்களம் உண்டு. பேச வரும், எழுத வராது.

"தேதி முடிஞ்சிருச்சு தங்கச்சி. அதோட, எலக்ட்ரிக்குக்குப் பொம்பளப் பிள்ளைங்க வர்றதில்லையே" என்றாராம் மிஸ்.

"வரக்கூடாதுன்னு இருக்குங்களா, இல்ல வர்றதில்லைங்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

மிஸ் கோப்பைப் புரட்டினாராம். வரக்கூடாது என்று எங்கேயும் இல்லை.

"அப்படின்னா, எடுக்க முடியாதுங்கறத லியலா தென்ன மிஸ். எழுதிக் குடுத்துருங்க. தோட்டத்து ஆபீசுக்கு லெட்டர் வந்த தேதி முத்திரையில இருக்கு. ரெண்டையும் சேத்து வச்சுக்கறேன்."

சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு, அதனால்தான் உட்கார்ந்தேன் என்றாள். மிஸ் அதைப் பிடிவாதம் என்று நினைத்திருக்கிறார். உள்ளே போய் மேலதிகாரியிடம் பேசிவிட்டு முகம் மாறி வந்தாராம். பணம் கொடுக்கும் வெளிநாட்டுக்கு அனுப்பும் அறிக்கையில், எலக்ட்ரிக் பிரிவில் பெண்கள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். இதுவரை எழுதியதெல்லாம் பூஜ்யம். அதைப் பற்றி ஏற்கெனவே ஒரு தடவை கேள்வி வந்திருக்கிறது.

"அடுத்த பேட்ச் மே மாசம். உங்க பேரைப் போட்டாச்சு. போன் நம்பரைக் குடுத்துட்டுப் போங்க, லெட்டர் வேணாம்" என்றாராம் மிஸ். கூடவே, தோட்டத்திலிருந்து விண்ணப்பித்த மற்றப் பிள்ளைகளின் போன் நம்பரையும் வாங்கித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். சுகன்யா இரண்டு நாளில் ஒன்பது பேருடைய நம்பரை எழுதிக் கொடுத்தாள்.

"அப்பா என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"திட்டலைங்க அத்தை. ஷாக் அடிச்சா என்ன பண்ணுவன்னு மட்டும் கேட்டாங்க. செருப்புப் போட்டுக்குவேன்னு சொன்னேன்."

6

மாரித்தை ஏப்ரலில் ஒருமுறை கடைத்தெருவில் பார்த்தேன். காப்பி குடிக்கலாமா என்று நான்தான் கூப்பிட்டேன். இந்த ஊரில் அப்படிக் கூப்பிடுவதற்கு எனக்கு இருபது வருடம் பிடித்தது. சுகன்யாவின் கதையைச் சொன்னேன். அந்தக் கட்டத்தைப் பற்றிக் கேட்டபோது மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"நானும் மாதா மாதம் கட்டங்களை நிரப்புகிறேன். சில நாள் தலைவலிக்கும். ஏதோ ஒரு ஊரில் ஒரு பெண் அதில் ஏறி உள்ளே போயிருக்கிறாள் என்றால் இனிமேல் பொறுமையாக நிரப்புவேன்."

"உங்களை மாதிரி ஒரு ஆள் எங்க ஊர்ல இல்லை. பேனர் இருக்கு" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "இங்கேயும் ரொம்ப நாள் இருக்கவில்லை. என் அண்ணன் பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டான். யாரும் கதவைத் தட்டவில்லை. அவன் இப்போது இல்லை" என்றார்.   கம்பளிச் சட்டையின் முழங்கை ஓட்டையை நான் தைத்துத் தரட்டுமா என்று கேட்டேன். அங்கேயே சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

வெளிநாட்டில் எல்லாம் தானாக நடக்கிறது என்று நம் ஆட்கள் எண்ணுவதுண்டு. நானும் அப்படித்தான் எண்ணிவந்தேன். தானாக எதுவும் நடப்பதில்லை. பெரிய மேசைகளில் எழுதப்படும் நல்ல வாக்கியம் கடைசியில் யாரோ ஒருவரின் அன்றாட வேலையாக மாற வேண்டும். கடிதம் போடுவதும், பதில் வராவிட்டால் மறுபடியும் போடுவதும், எதிரே பிள்ளை வாய் திறக்கும்வரை சும்மா உட்கார்ந்திருப்பதும். அந்த ஆள் இல்லாத இடத்தில் சுகன்யா தானே அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்தாள். எல்லாப் பிள்ளைகளாலும் அது முடியாது. என்னால் முடியவில்லை.

7

ஜூலையில் மூன்று பேருமாக ஊருக்குப் போனோம். துளசிக்கு ஏழு வயதில் வந்தது அவ்வளவாக ஞாபகமில்லை. தலவாக்கலையில் இறங்கியதிலிருந்து மழை. லயத்துக்கு ஏறும் பாதையில் அவள் மின்கம்பங்களை எண்ணிக்கொண்டு வந்தாள்.

சுகன்யா பயிற்சிக்குப் போகத் தொடங்கி இரண்டு மாதத்துக்கு மேல். பதினெட்டுப் பேர் வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். பையன்கள் முதல் வாரம் கிண்டல் செய்தார்களாம். இரண்டாவது வாரம் கொப்பி கேட்டார்களாம்.  அவள் வயர் எதையாவது தொட்டால் அண்ணன் எழுந்து வெளியே போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் டி.வி.யில் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். மழை வலுத்தது. பட்டென்று கரண்ட் போனது. அண்ணி எழுந்து, வாசல் பக்கத்துப் பெட்டியில் விழுந்திருந்த சுவிட்சை மேலே தள்ளினார். ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் விழுந்தது. மறுபடியும் தள்ளினார்.

"மழை வந்தா அப்படித்தாங்க. பத்து வருஷமா இப்படித்தான்" என்றார் என்னிடம்.

துளசி நிமிர்ந்தாள். "ஏன்?" என்று கேட்டாள்.

 சுகன்யாவும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சுகன்யா அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, மெயினை முழுசா ஆஃப் பண்ணிட்டுத்தான் தொடுவேன். நீங்களே வந்து ஆஃப் பண்ணுங்க. ஆஃப் ஆயிருச்சான்னு டெஸ்டர் வச்சுக் காட்டுறேன்."

இந்தத் தடவை அண்ணன் வெளியே போகவில்லை. வந்து மெயினை இறக்கினார். சுகன்யா காட்டியதைக் குனிந்து பார்த்தார். சாப்பாட்டு மேசையைக் கூரைக்குக் கீழே இழுத்துப் போட்டார்கள். சுகன்யா ஏறினாள், துளசி கீழே நின்று டார்ச் அடித்தாள். ஒருத்தி ஒவ்வொரு சாமானுக்கும் சிங்களப் பெயர் சொல்ல, மற்றவள் நார்வேஜியப் பெயர் சொன்னாள். தமிழ்ப் பெயர் இருவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எப்படியோ புரிந்தது.

தகரத்தின் ஆணி ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி, எப்போதோ யாரோ வெறும் டேப் சுற்றி விட்ட ஒரு வயர் இணைப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. துளசி கையை நீட்டிக் காட்டினாள். சுகன்யா பழையதை வெட்டி எடுத்து, பையிலிருந்து எடுத்த கனெக்டரைப் பூட்டி, மூடி போட்ட பெட்டிக்குள் வைத்து, ஓட்டையைத் தாண்டி ஒரு முழம் தள்ளித் திருகினாள். யோகன் ஓட்டைக்குத் தார் பூசினார். மீன் தொழிற்சாலையில் இருபது வருடம் குழாய் அடைத்த கை.

அண்ணன் மெயினைப் போட்டார். விளக்கு எரிந்தது. அதில் அதிசயமில்லை; இனி விழுகிறதா என்பதுதான் கேள்வி. எல்லாரும் சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தோம். என்ன விஷயம் என்று பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் குடையோடு வந்து வாசலில் நின்றார்கள். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். மழை சரமாரியாகக் கொட்டியது. டி.வி.யில் படம் முடிந்து விளம்பரம் வந்தது. சுவிட்ச் விழவில்லை.

அண்ணி மெதுவாகச் சுவிட்சைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார். அது மேலேயே நின்றது.

மூன்றாவது வீட்டுப் பாக்கியம் அக்கா தொண்டையைச் செருமினார். "சுகன்யா, எங்க வீட்டுலயும் அப்படித்தாம்மா விழுது. ஒரு எட்டு வந்து பாக்குறீங்களா ரெண்டு பேரும்?"

"பாக்குறேங்க அக்கா. ஏறி நிக்க மேசை இருக்குங்களா?"

"மேசை எங்கம்மா இருக்கு?"

சுகன்யா பையைத் தோளில் மாட்டினாள். துளசி டார்ச்சை எடுத்துக்கொண்டாள். அண்ணன் சாப்பாட்டு மேசையைக் கவிழ்க்காமல் அப்படியே தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கினார். அதற்கு அடியில் இரண்டு பிள்ளைகளும் குனிந்து, நனையாமல், அவர் காலடிக்கு ஒத்தபடி நடந்து போனார்கள்.